எலும்புக்கு மெடல் இல்லாத டாக்டர்

மருத்துவக் கல்லூரியில் அவள் வாங்கியது ஐந்து தங்கப் பதக்கம். குழந்தை மருத்துவம், கண், தோல், மகப்பேறு, கடைசியாகச் சட்ட மருத்துவம். அந்த ஐந்தாவதுக்கு வகுப்பில் வேறு யாரும் போட்டியிடவில்லை என்பதை அவள் வீட்டில் சொல்லவில்லை.

மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறை பிடித்து அவள் கிளினிக் தொடங்கியதும், அப்பா பதக்கங்களைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு, அடியில் பெயர் எழுதி, நோயாளிகள் உட்காரும் அறையில் மாட்டிவிட்டார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர்; எதையும் சரிபார்க்காமல் உள்ளே விடமாட்டார்.

"அப்பா, இதெல்லாம் வீட்லயே இருக்கட்டுமே."

"வீட்ல யாரும்மா நோயாளி?"

முதல் வாரமே மூட்டுவலியோடு ஓர் அம்மாள் வந்தார். பெட்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை படித்தார்.

"எலும்புக்கு இல்லையா?"

"அதுல ரெண்டாவது இடம்மா. அரை மார்க்ல போயிடுச்சு," என்றார் அப்பா, தன் சொத்து பறிபோனதைப் போல.

"அப்ப முதல்ல வந்தவர் எங்க இருக்காரு?"

"வெளிநாடு போயிட்டாரு."

அம்மாள் பெருமூச்சு விட்டு, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியிறங்கினார். மறுநாள் காய்ச்சலோடு வந்தவர், தனக்கு எந்த மெடல் என்று கேட்டார். அப்பா தோல் மெடலைக் காட்டினார். "சுடுறது தோல்தானே?" அவர் சமாதானமாகி உட்கார்ந்தார். ஆனால் ஒரு கணவனும் மனைவியும் சட்ட மருத்துவம் என்றால் என்னவென்று விசாரித்தபோது, அப்பாவுக்குப் பொய் வரவில்லை.

"செத்தவங்க எப்படிச் செத்தாங்கன்னு கண்டுபிடிக்கிறது."

ஏறியதைவிட வேகமாக இருவரும் இறங்கினார்கள். உள்ளே ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

அப்புறம்தான் சுவர்க்காரர் வந்தார்.

"டாக்டர், நீங்க சட்டமும் பாப்பீங்களாமே? பக்கத்து வீட்டுக்காரன் சுவரைத் தள்ளி என் இடத்துல கட்டிட்டான்."

அது வேறு சட்டம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அவர் நெற்றி நரம்பு புடைத்திருந்தது. பேசவிட்டபடியே கையில் பட்டையைச் சுற்றினாள். பிரஷர் எகிறிக் கிடந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தாள்.

"கேஸ் என்னாச்சு?"

"இதைப் போட்டுட்டு அடுத்த மாசம் வாங்க. அப்புறம் பாக்கலாம்."

அடுத்த மாதம் சொன்னபடி வந்தார். பிரஷர் இறங்கியிருந்தது. நியாயம் கேட்டால் இரண்டு தரப்பையும் கேட்க வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டி வந்திருந்தார். அவருக்குப் பிரஷரோடு சர்க்கரையும் இருந்தது. பிறகு மாதாமாதம் வாய்தா. இருவரும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து கத்துவார்கள். கத்துவதற்கு முன்னால் ஒரு தடவை, கத்தி ஓய்ந்தபின் ஒரு தடவை அவள் பிரஷர் பார்ப்பாள். கேள்விப்பட்டு, வரப்புத் தகராறு, வாடகைத் தகராறு எல்லாம் படியேறின. தெருவில் இத்தனை பேருக்குப் பிரஷர் இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

ஒருநாள் பட்டையைக் கழற்றும்போது பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: "ஏன் டாக்டர், இத்தனை மெடல் வாங்கினதுல உங்களுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?"

அவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். அக்கா கல்யாணத்தன்று மண்டபத்தின் சமையல்கட்டில் உட்கார்ந்து கண் நோய்களைப் படித்தது ஞாபகம் வந்தது.

"தெரியலைங்க. வாங்கின அன்னைக்கு ரொம்ப நல்லா இருந்துச்சு."

மழைக்காலத்தில் அந்தச் சுவர் தானாகவே இடிந்து விழுந்தது. இரண்டு பேரும் சிரித்த முகமாக வந்து, கேஸ் முடிந்துவிட்டது, இனி வர வேண்டிய அவசியமில்லை என்றார்கள். சுவர்க்காரர் மாத்திரையைக்கூட நிறுத்திவிட்டாராம்.

அவளுக்குப் பகீரென்றது. இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சுவர் விழுந்துச்சு, சரி," என்றாள். "அந்தச் செங்கல்லெல்லாம் யாருக்குச் சொந்தம்?"

இரண்டு பேரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அவள் பட்டையை எடுத்தாள்.