கிணறு வற்றாத விளையாட்டு

இந்த ஒரு வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்துப்போன விளையாட்டுகளைப் பற்றி எழுதுகிறேன். வீடியோ விளையாட்டுகளைத்தான் சொல்கிறேன். ஐம்பதை எட்டப்போகிற ஒரு பெண், யாழ்ப்பாணத்துத் தீவு ஒன்றில், கரம்பொன் கிராமத்தில் தனியே இருந்துகொண்டு, ரீவிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு விளையாடியவை. இதைச் சொல்ல வெட்கம் வரவேண்டுமாம். வரவில்லை.

விளையாட்டுக் கருவியை விட்டுப்போனது அண்ணையின் மகன். கனடாவில் நல்ல வேலையில் இருப்பவன், போன வருடத் திருவிழாவுக்கு வந்து திரும்பும்போது பெட்டியில் இடமில்லை என்றான். "சும்மா தட்டிப் பாருங்கோ மாமி." தட்டிப் பார்த்தேன். விளையாடாத நேரங்களில் அதை உப்புக்காற்று தின்றுவிடாமல் பழைய பருத்திச் சேலையில் சுற்றி அலுமாரிக்குள் வைக்கிறேன்.

முதலில் பிடித்தது லொறி. பனி கொட்டும் தேசங்களில் பாரம் ஏற்றிக்கொண்டு ஓடவேண்டும், அவ்வளவுதான். எனக்குச் சைக்கிளைத் தவிர ஒன்றும் ஓட்டத் தெரியாது. சொந்தங்கள் சிதறிப்போய்க் கிடக்கும் நாடுகளுக்கு விசா கேட்டு, கிடைக்காமல் திரும்பியவள் நான். அந்த நாடுகளின் எல்லைகளை லொறியில் கடந்தேன். ஏன் வருகிறீர், எப்போது திரும்புவீர் என்று ஒருவரும் கேட்கவில்லை. கண்ணாடியில் மழை வழிய வழிய ஓடினேன். வளைவில் கவிழ்ந்தேன். நிமிர்த்திக்கொண்டு மறுபடி ஓடினேன்.

பிறகு வாள். இருண்ட கோட்டை, படிக்கு ஒரு பூதம். அந்த விளையாட்டில் செத்துச் செத்துத்தான் பழகவேண்டும். மாரி முழுவதும் ஒரே பூதத்தின் கையில் செத்தேன். கடைசியில் அதைக் கொன்ற அன்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வளவு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன, பாம்போ?"

"பாம்பில்லை அக்கா, பூதம். செத்துப்போச்சு."

"ஆ, நல்லது" என்றுவிட்டு அவர் உடுப்புக் காயப்போடப் போனார்.

ஆனால் மனதை முழுதாய் எடுத்துக்கொண்டது தோட்ட விளையாட்டு. ஒரு துண்டு நிலம், ஒரு கிணறு, ஒரு பூவாளி, ஒரு பிடி விதை. எங்கள் தீவில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே பாலாடை போல மிதந்துகொண்டிருக்கிறது. ஆசைப்பட்டு இறைத்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும். ஏறிய உவர் லேசில் இறங்காது. ஆகவே கொஞ்சம் அள்ளிவிட்டு, வாளியைக் கவிழ்த்துவைத்து, கிணற்றை ஊற விடுவோம். திரைக்குள்ளும் அதையே செய்தேன். ஒரு நாள் ஊற்றினேன், அடுத்த நாள் ஊற விட்டேன். தக்காளி கருகியது. பூசணி சுருண்டது. முதல் போகம் முழுவதும் மண்ணாய்ப் போனது. தொலைபேசியில் அண்ணையின் மகனிடம் முறைப்பட்டேன்.

"மாமி, அதிலை தண்ணி முடியாது. எவ்வளவும் ஊத்தலாம்."

"முடியாத கிணறு எங்கையடா இருக்கு?"

"கேமிலை இருக்கு மாமி!" சிரித்த சிரிப்பில் அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

நான் மாறவில்லை. முதலில் கை வரவில்லை. பிறகு வேண்டுமென்றே மாறாமல் இருந்தேன். தண்ணீர் அதிகம் கேட்காத பயிர்களாகத் தேடி ஊன்றினேன். மூன்றாம் போகத்தில் நிலம் பச்சை பிடித்தது. இப்படி விளையாடுகிறவர்களுக்கென்று அதைச் செய்தவர்கள் ஒரு பதக்கமும் வைக்கவில்லை. போகட்டும், அவர்களுடைய பதக்கம் யாருக்கு வேண்டும்?

இந்த வருடத் திருவிழாவுக்கு அண்ணையும் அவருடைய மனைவி மச்சாளும் வெளிநாட்டிலிருந்து வந்தார்கள். வந்த மறுநாள் பின்னேரம் நான் திரைத்தோட்டத்தில் நிற்க, அண்ணை கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"உனக்கு எத்தினை வயசு?"

"உங்களை விட ஆறு குறைவு."

"பகிடி விடாதை. தனிய இருந்து இருந்து விசர் பிடிக்கப்போகுது உனக்கு. யாழ்ப்பாணத்திலை ஒரு மேல்மாடி வீடு எடுத்திட்டன். திருவிழா முடிய இதைப் பூட்டிப்போட்டு அங்கை போய் இரு."

சட்டைப்பையிலிருந்து புதுச் சாவி ஒன்றை எடுத்து ரீவிக்கு முன்னால் வைத்தார். என்னைக் கேட்கவில்லை, வைத்தார். இந்த வீட்டின் உறுதிப்பத்திரம் அவருடைய பேரில். அவர் பூட்டினால் பூட்டியதுதான்.

"சந்தியிலை ஆம்பிளையள் பொழுதுபடுமட்டும் காட்ஸ் விளையாடினம். அவைக்கு விசர் இல்லையோ?"

"அது நாலு பேரோடை இருந்து விளையாடுறது."

"நீங்கள் அங்கை விடிய விடிய கிரிக்கெட் பாக்கிறியளாம். மச்சாள் சொன்னவ."

"என்னை ஏன் உதுக்குள்ளை இழுக்கிறீர்?" குசினிக்குள்ளிருந்து மச்சாளின் குரல்.

அண்ணை என் கையிலிருந்த கொன்ட்ரோலரைப் பறித்தார். "அப்பிடி என்னதான் கிடக்கெண்டு பாப்பம்." பூவாளியை நிரப்பி ஒரு வரிசைக்கு ஊற்றினார். மறுபடி நிரப்பினார். அடுத்த வரிசை. அதற்கடுத்தது. வெள்ளமாய் ஊற்றினார்.

"போதும் அண்ணை! உவர் ஏறும்!"

"எங்கை, ரீவிக்குள்ளையோ?" என்றார். ஆனால் பெருவிரல் அந்தரத்தில் நின்றுவிட்டது. அவரும் இந்த வளவுக் கிணற்றுக்கட்டில் வாளியைக் கவிழ்த்துவைத்து வளர்ந்தவர். திரையில் கிணறு தளும்பிக்கொண்டிருந்தது. அவர் பிறகு நிரப்பவில்லை.

எனக்குள் கிடந்ததெல்லாம் அப்போதுதான் வாய்க்கு வந்தது.

"நீங்கள் எல்லாரும் போனனீங்கள். ஏன் போறியள் எண்டு ஆரும் உங்களைக் கேக்கேல்லை. நான் இருந்தனான். இருக்கிறதுக்கு மட்டும் நெடுகக் காரணம் சொல்லவேணுமோ? நான் லொறி ஓடுவன், பூதம் வெட்டுவன், தோட்டம் செய்வன். எல்லாம் இந்த வீட்டிலை இருந்துதான். பூட்டுறதெண்டால் என்னை உள்ளை வைச்சுப் பூட்டுங்கோ."

அண்ணை கொன்ட்ரோலரை மெல்லக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போனார். மறுநாள் பார்த்தேன், அவர் ஊற்றிய வரிசைகள் என்னுடையவற்றை விடச் செழிப்பாகத்தான் நின்றன. இருக்கட்டும்.

அவர்கள் புறப்படும் நாள் காலை வாடகை வான் வாசலுக்கு வந்தது. என்னை யாழ்ப்பாணத்தில் இறக்கிவிட்டுப் போவதாகத்தான் அண்ணையின் ஏற்பாடு அதுவரை இருந்தது. மச்சாள் என் வெறுங்கைகளைப் பார்த்தார்.

"ஏறு" என்றார் அண்ணை.

நான் ஏறவில்லை. புதுச் சாவியை யன்னலுக்குள்ளால் அவருடைய மடியில் போட்டேன். சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டு, பக்கக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். சுத்தமாக இருந்த கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார். அண்ணை சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் அதைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"அடுத்தமுறை வரேக்கை என்ன கொண்டு வாறது?" முகத்தை என் பக்கம் திருப்பாமலே கேட்டார்.

"இன்னொரு கொன்ட்ரோலர்."

"உன்னோடை ஆர் விளையாடப் போகினம்?"

"வாறவை விளையாடட்டும்."