கல்ஃப் மாத்திரையும் கவர்மெண்டு மாத்திரையும்

என் வீட்டுக்காரர் மார்த்தாண்டம் சந்தையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். அவருக்குச் சுகர் வந்த புதிதில் மருந்துக் கடையில் பில்லைக் கையில் வாங்கினாலே எனக்குத் தலை சுற்றும். அரிசி வாங்குவதா, மாத்திரை வாங்குவதா என்று நான் ஃபோனில் புலம்புவதைக் கேட்டுக் கேட்டு, கல்ஃபில் வேலை பார்க்கிற என் தம்பி ஒருநாள் சொன்னான்: “நீ எதுக்கு வெசனப்படுக அக்கா? அத்தானுக்க மாத்திரை இனி எனக்க பொறுப்பாக்கும்.”

அன்றிலிருந்து, லீவுக்கு வருகிறவர்கள் யார் கையிலாவது தைலம், சோப்போடு மாத்திரையும் கொடுத்துவிடுவான். போன லீவில் அவனே கொண்டுவந்தான். காலில் கட்டுப் போட்டு நொண்டிக்கொண்டு வந்தான். கேட்டதற்கு ஷூ கடித்தது என்றான். நானும் தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன்.

இதற்கு நடுவில் அரசாங்கமே வீடு தேடி மாத்திரை தர ஆரம்பித்திருந்தது. மருந்துச் செலவில் ஏழைபாழைகள் முங்கிப் போகக்கூடாது என்று கொண்டுவந்த திட்டம். எங்கள் தெருவுக்கு வருகிற பெண் என்னோடு சர்ச் பாட்டுக்குழுவில் பாடுகிறவள். வெயிலில் பையைச் சுமந்து மேடேறி வந்து, விரலில் குத்திச் சுகர் பார்த்து, மாத்திரை தருவாள். ஒரு பைசா கிடையாது. இவ்வளவு தூரம் வந்தவளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தம்பியிடம்தான் இனி அனுப்பாதே என்று எப்படிச் சொல்வது? ஆசையாக அனுப்புகிறவன் மனசு நோகாதா? இரண்டு பேர் மனசும் நோகாமல் இருக்க என் வீட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு மாத்திரையையும் விழுங்கினார்.

“வேற மாத்திரை எதாவது எடுக்கியளா அண்ணா?” என்று அவள் கேட்பாள்.

“ஒண்ணும் இல்லியே.”

அவள் படி இறங்கியதும் என்னிடம் சொல்வார்: “கவர்மெண்டு மாத்திரைக்கு வீரியம் குறவாக்கும். கல்ஃப் மாத்திரை ஒரு தொணைக்குக் கெடக்கட்டு.” சும்மா கிடைக்கிற பொருளுக்கு எங்கள் ஊரில் அவ்வளவுதான் மரியாதை. நானும் தலையாட்டினேன்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, சந்தையில் வாழைக்குலை லோடு காத்துக் கிடக்கிறது என்று அவசரப்பட்டார். இரண்டு மாத்திரையையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, நான் எடுத்து வைத்த புட்டையும் பயறையும் தொடாமல் இறங்கிப் போனார். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்கவே இல்லை. எட்டிப் பார்த்தால், மனிதர் ஆட்டோவில் உட்கார்ந்து சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறார். சாவி கையில்தான் இருக்கிறது. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது.

“என்ன செய்யுது ஒங்களுக்கு?” என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்க எந்த ஊரு?” என்று கேட்டார்.

அடுத்த நிமிஷம் அப்படியே சரிந்தார். ஏசுவே என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து, அதே ஆட்டோவில் அவரைக் கிடத்தி அரசு ஆஸ்பத்திரிக்கு விரட்டினார்கள். குளுக்கோஸ் ஏற ஏறக் கண் திறந்தவர் முதலில் கேட்டது, “லோடு என்னாச்சு?” அட பாவி மனுஷா!

டாக்டரம்மா மாத்திரைகளைக் கேட்டார். வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு அட்டைகளையும் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தை என் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

“கம்பெனி வச்ச பேருதான் வேற. உள்ள இருக்கது ஒரே மருந்து. தினமும் ரெண்டு பங்கு தின்னிருக்காரு. சாப்பிடாம வேற இருந்திருக்காரு. கொஞ்சம் தாமதிச்சிருந்தா ஆளு இல்ல.”

ஒரே மருந்தா? மட்டம் என்று நாங்கள் நினைத்ததும், விமானத்தில் வந்தது என்று தலையில் தூக்கி வைத்ததும் ஒன்றா? வண்டி ரோட்டில் ஏறிய பிறகு இது நடந்திருந்தால்?

வீட்டுக்கு வந்ததும் தம்பியை வீடியோவில் கூப்பிட்டு, வந்த ஆத்திரத்தை எல்லாம் அவன் மேல் கொட்டினேன். “இனி ஒரு மாத்திரை நீ அனுப்பப்பிடாது, கேட்டியா? அத்தான் செத்துப் பொழச்சிருக்காரு. இதே மருந்த இஞ்ச வீட்டு வாசல்ல கொண்டு தாறாவ லே, சும்மா தாறாவ!”

அத்தானுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு மெதுவாக, “எத்தன நாளா தாறாவ?” என்றான்.

“வருஷம் ரெண்டாச்சு.”

“ஒரு வாக்கு சொல்லியிருக்கப்பிடாதா அக்கா?” என்றான். “எனக்கும் சுகர் உண்டு. அது கம்பெனி ஆஸ்பத்திரியில எனக்குத் தருக மாத்திரையாக்கும். அதுல பாதியத்தான் அத்தானுக்கு எடுத்து வச்சேன்.”

ஷூ கடித்தது என்றானே.

“காலக் காட்டு மக்கா.”

“வேண்டாம் அக்கா.”

“காட்டு லே!”

ஃபோன் கீழே இறங்கியது. பெருவிரல் இருந்த இடத்தில் பெருவிரல் இல்லை.