நான் பூனை இல்லை!

மெல்லிசைக் குழுவில் பாட வருகிறவளுக்குக் குரல் மட்டும் போதாது, கையும் காலும்கூட வேண்டும் என்று என்னிடம் யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. மைக் முன்னால் நின்று வியர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நாம் ஒரே இனம். கடலூரில் தமிழ் இலக்கியம் படித்துவிட்டு, எழுபதுகளின் நடுவில் புதுச்சேரிக்கு வந்து தாவூத் அண்ணனின் குழுவில் சேர்ந்தேன். அண்ணனுக்குப் பகலில் தையல் கடை, மாலையில் அக்கார்டியன். பாட்டு சரியாக இருந்தால் அதுவே கூட்டத்தைப் பிடித்து உட்கார வைக்கும் என்று அப்போது உறுதியாக நம்பியிருந்தேன்.

பந்தக்கால்

ரெட்டியார்பாளையத்தில் ஒரு கோயில் திருவிழா. என் முதல் மேடை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி, அசையாமல் பாடினேன். சுருதி எங்கேயும் பிசகவில்லை. கண்ணைத் திறந்தபோது முன்வரிசை முழுக்கக் கடலை வண்டியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது.

விழாக்காரர் ஒருவர் மேடைக்குப் பின்னால் வந்து அண்ணனிடம் சொன்னது எனக்கும் கேட்டது: "பாட்டு நல்லாத்தான் வருது பாய். மைக்குக்குப் பின்னாடி நிக்கிறது பொண்ணா, பந்தக்காலான்னுதான் தெரியல."

கிலுகிலுப்பை

அண்ணன் நல்லவர், சுற்றி வளைத்துத்தான் சொன்னார். விழுப்புரத்தில் ஒரு பெண் ஆடிக்கொண்டே பாடுகிறாளாம். இந்தக் குழு இரண்டு பாடகிகளைத் தாங்காதாம். தீபாவளி வரைக்கும் பார்க்கலாமாம். பாடுவதைத் தவிர ஆசைப்பட என்னிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

அடுத்த கச்சேரியில் என் கையில் ஒரு ஜோடி மராக்காஸைத் திணித்தார். பெரியவர்கள் ஆட்டுகிற கிலுகிலுப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். "சும்மா ஆட்டிக்கிட்டே பாடு தங்கச்சி, கை தானா போவும்." கை தானாகத்தான் போனது, தாளத்தோடு போகவில்லை. டிரம்ஸ் வாசித்த மாசிலாமணி மில் தொழிலாளி. தறிச் சத்தத்துக்கு நடுவிலும் தாளம் தவறாதவர். பாட்டு முடிந்ததும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பெரிதாகக் கும்பிட்டார்: "யம்மா, வாய் கல்யாணத்துக்குப் போவுது, கை தனியா காய்கறி விக்கப் போவுது. ரெண்டையும் நான் ஒருத்தன் எங்க போய்ப் புடிக்கிறது?"

பிஸ்

தீபாவளிக்கு முன் கடைசிக் கச்சேரி, ஒரு கல்யாண வரவேற்பு. பெண் வீட்டார் சொல்தா குடும்பம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் கோட்டும் டையுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் பாடி முடித்ததும் கைதட்டினார்கள். பிறகு எல்லாருமாக என்னைப் பார்த்து, "பிஸ்! பிஸ்!" என்றார்கள்.

கடலூரில் எங்கள் வீட்டில் பூனையைக் கூப்பிடுவது அப்படித்தான், கருவாட்டுத் தலையைக் காட்டி. இத்தனை நாள் அடக்கி வைத்தது பொங்கிவிட்டது. மைக்கைப் பிடித்து, "நான் பூனை இல்லை!" என்று கத்திவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். பின்னால் பந்தலே சிரித்தது. அண்ணன் கழுத்தில் அக்கார்டியனோடு மூச்சிரைக்க ஓடி வந்தார். "அட என்னா தங்கச்சி! பிஸ்னா பிரெஞ்சுல இன்னொரு வாட்டின்னு அர்த்தம். ஒன்ஸ்மோர் கேக்கறாங்க, நீ ஓடறியே!"

திரும்பி ஏறினேன். காதெல்லாம் எரிந்தது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தால் வந்தது வேறு. மெல்ல, "மியாவ்" என்றேன். சிரிப்பு ஓய்வதற்குள் பாட்டை எடுத்துவிட்டேன், முதல் முறையாகக் கண்ணைத் திறந்துகொண்டு. கை என்ன செய்தது என்பதே ஞாபகமில்லை. முடிந்ததும் நரைத்த மீசைக்கார சொல்தா ஒருவர் எழுந்து நின்று விறைப்பாக சல்யூட் வைத்தார்: "மத்மொசேல், பாட்டுக்கு ஒரு பிஸ், மியாவுக்கு ரெண்டு பிஸ்!"

உடம்பு சரியில்லை

விழுப்புரத்துப் பெண் பேச்சு அதோடு நின்றது. நோணாங்குப்பத்தில்கூட, "பூன அக்கா வருவாங்களா?" என்று உறுதி செய்துகொண்டுதான் அண்ணனிடம் தேதி குறித்தார்கள். இலக்கியம் படித்து வாங்கிய பட்டத்தைவிட அந்தப் பட்டம் நிலைத்தது. எண்பதுகளிலும் மேடைக்கு மேடை மியாவ் சொன்னேன், சிரித்துக்கொண்டேதான். ஆனால் சிரித்து முடித்த பிறகு பாட்டை யாராவது கேட்கிறார்களா என்ற சந்தேகம் மட்டும் ஈரத்துணி போல மனதில் ஒட்டிக் கிடந்தது.

அம்மாவின் காரியம் முடிந்து நான் ஏறிய முதல் மேடை கருவடிக்குப்பத்தில். மியாவ் வரவில்லை. தாலாட்டு ஒன்றைத் தொடங்கி, இரண்டாம் அடியில் நின்றுவிட்டேன். கூட்டம் சலசலத்தது. முன்னால் மணலில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி, "யக்கா, பூன எங்க?" என்று குரல் கொடுத்தாள். "இன்னிக்கு அதுக்கு ஒடம்பு சரியில்ல" என்றேன் மைக்கில். யாரும் சிரிக்கவில்லை. அவள் குழந்தையை மறு தொடைக்கு மாற்றிக்கொண்டாள்: "அதனால இன்னா, நீ பாடுக்கா. பூன வர்ற வரைக்கும் உன்னையே கேக்கறோம்."

முதலடியிலிருந்து மறுபடி எடுத்துப் பாடி முடித்தேன். கடலை வண்டிக்காரர்கூடச் சட்டியைத் தட்டாமல் கேட்ட அந்தத் தாலாட்டுக்காக முன்கூட்டியே போய் அவர்கள் மனசுக் கதவைப் பிறாண்டித் திறந்து வைத்தது, ‘அது நான் இல்லவே இல்லை’ என்று நான் சண்டை போட்ட அதே பூனைதான்.