சுண்ணாம்புப் பால் மருந்து

நோம்தா சிஸ்டர் ஊசி மருந்தைக் கலக்கியதும் நேரே நோயாளியிடம் போகமாட்டாள். கூட வந்தவர்களிடம் குப்பியைக் கொண்டுபோய்க் காட்டுவாள். "வாயால சொல்ல வேணாம்மா. இதைப் பாரு. இது ஆகாதுன்னா தலையை மட்டும் ஆட்டு." புதிதாக வரும் டாக்டர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிப்பதில்லை.

நர்சிங் படிக்கும்போது, டிரான்ஸ்கை மலைப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அவளைப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். துறைமுக டவுனில் பிறந்து வளர்ந்த பெண். ஒரு மழைநாளில், காலில் புண் சீழ்வைத்து, காய்ச்சலில் தன் நாய்களைக் கூப்பிட்டுப் பிதற்றிக்கொண்டே ஒரு பெரியவர் வந்து சேர்ந்தார். கூட வந்தவள் அவருடைய மருமகள் நோகாயா.

"பெரியவர் பேரு என்ன?"

நோகாயா தரையைப் பார்த்தாள்.

"ஏம்மா, நாக்கை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டியா?"

வார்டுப் பெரிய சிஸ்டர் மாம்பேலே உரக்கச் சிரித்தாள். "அடி டவுன்காரி! மருமகளா வாழவந்த மகோட்டி மாமனார் பேரைச் சொல்லுவாளா? அந்தப் பேர்ல வர்ற எழுத்து வேற சொல்லுல வந்தாக்கூட வாயில எடுக்கமாட்டா. சீட்டைப் பாரு!"

சீட்டில் எம்பெண்டுலோ என்று இருந்தது. நோகாயாவும் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"சரி மகோட்டி, மாமாவுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?"

சிரிப்பு நின்றது. "ஆமா சிஸ்டர். ஒண்ணு ஆகவே ஆகாது. முன்னாடி ஒருதடவை மேலெல்லாம் தடிச்சு, மூச்சு முட்டி, கடவுள் புண்ணியத்துலதான் மீண்டாரு."

"என்ன மருந்து?"

நோகாயா உதட்டைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். "அதான் சிஸ்டர்... சுண்ணாம்புப் பால் மாதிரி வெள்ளையா இருக்குமே, அது."

வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்துதான் நோம்தாவின் நினைவுக்கு வந்தது. இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதையே ஆகாது என்று எழுதிக்கொண்டாள்.

டாக்டர் எழுதியிருந்தது பெனிசிலின். நோம்தா பாடத்தில் படித்தபடியே பார்த்தாள். ஆள் சரி, மருந்து சரி, அளவு சரி, நேரம் சரி, போடும் இடம் சரி. குப்பித் தூளில் தண்ணீர் விட்டுக் குலுக்கினாள். சுண்ணாம்புப் பாலாகக் கலங்கியது. கையிலேயே இருந்தும் அவள் கண்ணில் படவில்லை.

இடுப்பில் போடுகிற ஊசி. மாமனாரின் போர்வை விலகும்போது மருமகள் பக்கத்தில் நிற்கலாகாது. நோகாயா தானாகவே திரைக்கு வெளியே போய் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

முதலில் ஒரு இருமல். பிறகு பெரியவரின் உதடு வீங்கியது. மூச்சு விசில் அடித்தது. மாம்பேலே ஓடிப்போய் அட்ரினலின் கொண்டுவந்து தொடையில் போட்டாள். டாக்டர் வந்து நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்; மூச்சு திரும்பவில்லை. எல்லாம் கர்த்தர் கையில் என்று நம்புகிறவர்கள்தான் நாம். ஆனாலும் அந்த மனிதர் அன்றைக்குச் சாகவேண்டியவர் இல்லை.

திரையை விலக்கினார்கள். நோகாயாவின் கண் முதலில் மாமனார்மேல் விழவில்லை. தட்டில் கிடந்த குப்பியின்மேல் விழுந்தது. அடியில் கொஞ்சம் வெள்ளை மிச்சமிருந்தது.

"இதைத்தான் சிஸ்டர் சொன்னேன்."

நோகாயா மெல்லப் போய்க் கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டாள். முகத்தை மறைத்த சால்வையை இறக்கினாள்.

"பெனிசிலின்" என்றாள்.

மாம்பேலே, "வேணாம்மா, விடு" என்று தோளைத் தொட்டாள்.

"பெனிசிலின், மாமா. பாருங்க, வருது. எம்பெண்டுலோ மாமா, என் வாயில வருது. பெனிசிலின். பெனிசிலின்."

அந்த வீட்டுக்கு வாழவந்த நாள்முதல் மரியாதைக்காக அவள் விழுங்கிவைத்திருந்த அந்தப் 'பெ' எழுத்து, கேட்கவேண்டியவர் இல்லாத இடத்தில் வந்துகொண்டே இருந்தது.