ரெஜினா மாட்டிய ஆயில் சீல்

கல்யாணமாகி வந்த புதிதில் ரெஜினாவுக்கு அந்த பிக்கப் வண்டியைக் கண்டாலே ஆகாது. கணவன் ஜான்ராஜ் திருச்சுழியிலிருந்து லோடு ஏற்றிப் போனால் எப்போது திரும்புவான் என்று அவனுக்கே தெரியாது. "எனக்கு வாச்ச சக்களத்தி" என்பாள். வீட்டில் தையல் மிஷின் மிதிக்கிறவள், வாசல் தெளிக்கும்போது தவிர வண்டிப் பக்கம் போகமாட்டாள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஐப்பசியில் வண்டியின் பின் அச்சிலிருந்து ஆயில் சொட்ட ஆரம்பித்தது. அச்சின் நடுவில் பானை மாதிரி உப்பியிருக்கும் டிஃபரன்ஷியலில், ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான சீல் தேய்ந்துபோயிருந்தது. ஆயில் வற்றினால் உள்ளே பல்சக்கரம் அரைபட்டு வண்டியே படுத்துவிடும். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் மகள் கல்யாணத்துக்காகப் பட்டறையைப் பூட்டிவிட்டார். திங்கட்கிழமையோ நரிக்குடி வெள்ளத்துரையின் ஆடுகளை வீரசோழன் சந்தையில் சேர்க்க வேண்டும். போன வாடிக்கை திரும்பி வராது.

அருப்புக்கோட்டையில் வாங்கிவைத்திருந்த புது சீலோடு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஜான்ராஜே வண்டிக்கடியில் படுத்தான். முதல் நட்டிலேயே ஸ்பேனர் வழுக்கி வலது கை விரல் இரண்டு கிழிந்தன. தையல் போட்டுக் கட்டோடு வந்தவன், "வெள்ளத்துரை அண்ணாச்சிட்ட வேற வண்டி பாக்கச் சொல்லிட்டு வாரேன்" என்றான்.

"இருங்க. நீங்க சொல்லுங்க, நான் செய்யுதேன்."

"நீயா?"

"கைதான போச்சு? வாய் இருக்குல்ல?"

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாக்கை விரித்து உள்ளே போனாள். முன்பக்கமிருந்து வரும் நீளமான ஷாஃப்டைக் கழற்றினாள். நடு நட்டு இருந்த இடத்தை, அதே அளவுக்குத் திரும்ப முறுக்குவதற்காகத் துணியில் குறிபோடும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டு அதையும் கழற்றினாள். பழைய சீல் நெம்பியதும் உடைந்துதான் வந்தது. புதியதில் ஆயிலைத் தடவிச் சுற்றிலும் மெதுவாகத் தட்டினாள்.

"ஒரே பக்கம் அடிக்காத, கோணிரும்."

"தெரியுது, கத்தாதீக."

எல்லாம் மாட்டி, ஆயில் ஊற்றி, ஜான்ராஜ் கண்மாய்க்கரை வரை ஓட்டிவிட்டு வந்தான். ரெஜினா குனிந்து பார்த்தாள். மறுபடியும் சொட்டு. முகமெல்லாம் கிரீஸோடு மண்ணில் உட்கார்ந்தவளுக்கு அழுகை முட்டியது. தான்தான் கோணலாக அடித்துவிட்டோமோ?

ஆயில் எவ்வளவு குறைந்திருக்கிறதென்று பார்க்க ஜான்ராஜ் இடது கையால் டிஃபரன்ஷியல் மூடியைத் திருகினான். புஸ்ஸென்று காற்று சீறியது.

"இதுக்குள்ள ஏதுங்க காத்து?"

"ஓடுனா சூடாகும்ல."

"குக்கர் மாதிரியா? அப்ப ஆவி போக ஒரு வழி வேணுமே?"

ஜான்ராஜ் குனிந்து அச்சைப் பார்த்தான். பிறகு, "அச்சுக்கு மேல ஒரு சின்ன ஓட்டை இருக்கும். பாரு" என்றான்.

கையை விட்டுத் தடவினாள். ஓட்டை இருந்த இடத்தில் கரிசல் மண் கல்லாய் இறுகியிருந்தது. உள்ளே விழாமல் சுரண்டி எடுத்து, துடைத்து, ஊசியால் குத்தித் துளையைத் திறந்தாள். அடைபட்ட காற்றுதான் ஆயிலைச் சீல் வழியே நெட்டித் தள்ளியிருக்கிறது.

இந்தத் தடவை ஜான்ராஜ் காரியாபட்டி வரை போய்வந்தான். வண்டி நிற்பதற்குள் ரெஜினா அடியில் புகுந்துவிட்டாள். விரலால் சுற்றித் துடைத்துப் பார்த்தாள். ஈரமே இல்லை.

"ஏங்க, காஞ்சு கெடக்குங்க!" என்று கத்தினாள். ஜான்ராஜ் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

மறுநாள் அவளும் சந்தைக்குக் கிளம்பினாள். வழியில் வண்டி முனகுகிறதா என்று கேட்கத்தான். நரிக்குடி வரை காதைத் தீட்டிக்கொண்டு வந்தாள். ஆடுகள் ஏறிய பிறகு அதுகள் போட்ட சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. கதவில் சாய்ந்து தூங்கிப்போனாள். வீரசோழனில் ஜான்ராஜ் உலுக்கி எழுப்பும்வரை அவளுக்கு உலகம் தெரியவில்லை.