பதினான்காம் பக்கத்துக் கட்டம்

மகப்பேறு டாக்டர்களுக்காக நாங்கள் நடத்தி, நின்று போயிருந்த இதழை மறுபடி தொடங்கி ஒரு வாரம் ஆகிறது. யாராவது படிக்கிறார்களா என்ற கவலையோடுதான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

இன்று சிதம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. பயிற்சி டாக்டர் ஒருத்தி நம் இதழில் பிரசவகால வலிப்பு பற்றிய கட்டுரையைப் பிரித்து நீட்டி, பதினான்காம் பக்கத்தை மட்டும் பத்து காப்பி கேட்டாள்.

"கட்டுரை முழுசா வேணாமாம்மா?" என்றேன், ஆசிரியர் நான்தான் என்று சொல்லாமல்.

"எட்டு பக்கம் மேடம், டூட்டில எங்க படிக்கிறது? இந்தக் கட்டத்துல டோஸ் எல்லாம் இருக்கு. லேபர் ரூம் செவுத்துல ஒட்டிட்டா, பிரஷர் ஏறி ஃபிட்ஸ் கேஸ் வந்தா பாத்து ஊசி போட்டுடுவோம். கடலூர் ஃப்ரெண்ட்ஸுங்களும் கேட்டாங்க, அவுங்களுக்கும் சேத்துதான்."



கட்டுரையை இரண்டு நிபுணர்கள் வரி வரியாகத் திருத்தினார்கள். அந்தக் கட்டமோ, பக்கத்தில் இடம் மிச்சமிருக்கிறதே என்று அச்சகத்தில் உட்கார்ந்து நான் எழுதிச் சேர்த்தது. வேறு யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து மூன்று முறை சரிபார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று முறையும் பார்த்தது நான்தானே.

டாக்டர் நண்பர்களே, அந்தக் கட்டத்தை மட்டும் உடனே பார்த்துச் சொல்லுங்கள். கட்டுரையை நீங்கள் எப்படியும் படிக்கப்போவதில்லை.