கட்டை விரலை எடுக்காதே

இது நடந்தது. நேரங்களைக்கூட யாரும் நினைவிலிருந்து சொல்லவில்லை. லினக்ஸ் போட்ட லேப்டாப், தன்னிடம் எதைச் செருகினாலும் பிடுங்கினாலும் நொடிக் கணக்கில் எழுதி வைத்துக்கொள்ளும். அந்தப் பதிவு இன்றும் அழியாமல் இருக்கிறது. லாட்ஜின் பெயரை மட்டும் இங்கே சொல்லவில்லை. அருவி சீசனை நம்பிப் பிழைக்கிறவர்கள்.

போன ஜூலை பதினேழு, வியாழக்கிழமை. ஐந்தருவி போகும் சாலையில் ஒரு லாட்ஜ். மாடியில் ஏழாம் நம்பர் அறை.

அந்த அறையை துல்கர்னைன் ஒரு நாளைக்கு எடுத்திருந்தான். அருவியில் குளிக்க வரவில்லை. வயது முப்பத்தொன்று. ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை. சொந்த வீடு தென்காசியில்தான். ஆனால் வீட்டில் அவனைத் தனியாக விடுகிற ஆள் இல்லை. உம்மா அழுவாள். மாமி மறுகல்யாணத்துக்கு ஒரு பெண்ணின் போட்டோவை நீட்டுவாள்.

அவன் மனைவி அதீபா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். செய்தி கேட்டு விமானம் பிடித்துத் திருவனந்தபுரத்தில் இறங்கி, புளியறை செக்போஸ்டில் லாரிகளுக்குப் பின்னால் கார் நிற்கும்போது போன் வந்தது. அடக்கம் முடிந்துவிட்டது. மையித்தை, இறந்த உடலை, வைத்துக்கொண்டு காத்திருக்கும் வழக்கம் இல்லை. அவன் யாரையும் குறை சொல்லவில்லை. முகம் பார்க்கவில்லை. மண் அள்ளிப் போடவில்லை.

ஐந்து வருஷக் கல்யாணத்தில் அவள் அவன் பெயரைச் சொன்னதே கிடையாது. மச்சான் என்பாள், வேறு பேச்சில்லை. ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடுகிறவர் கணவர் பெயர் கேட்டால் தங்கை ஹஸீபாவின் முகத்தைப் பார்ப்பாள். ஹஸீபாதான் சிரித்துக்கொண்டே சொல்லுவாள். தங்கை கூட இல்லாத நாளில் ஆதார் அட்டையை எடுத்து நீட்டுவாள்.

வாட்ஸ்அப்பில் அவள் பேசி அனுப்பியதெல்லாம் அவன் போன் செத்தபோது கூடவே போய்விட்டது. மிஞ்சியது ஒன்றே ஒன்று. தீப்பெட்டி அளவில் ஒரு எம்பி3 பிளேயர். தென்காசியில் செல்போன் கடை வைத்திருக்கும் நண்பன் மன்சூரிடம் அவள் வாங்கிய பழைய சரக்கு. காய்ச்சலில் கிடந்த நாலு நாளும் அதை வாயருகே வைத்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள் என்று ஹஸீபா சொல்லியிருந்தாள். மச்சானுக்குத்தான் பேசிப் பதிந்து வைத்திருக்கிறாள் என்று வீடே முடிவு கட்டியது.

அவனும் அப்படித்தான் நினைத்தான்.

பிளேயரின் திரை செத்திருந்தது. இயர்போனில் சத்தம் வரவில்லை. லேப்டாப்பில் போட்டு உள்ளே இருப்பதை எடுத்தால்தான் உண்டு.

பகல் 2.41. முதல் தடவை செருகினான். புதிதாக ஏதோ வந்திருக்கிறது என்று லினக்ஸ் ஒரு வரி எழுதியது. ஆனால் மவுண்ட் ஆகவில்லை. அதாவது, ஆள் வந்தது தெரிகிறது, கதவு திறக்கவில்லை. கட்டளை கொடுத்துப் பார்த்தான். வயரை மாற்றினான். துவாரத்தை மாற்றினான். அதே பிழைச் செய்தி, ஏழு தடவை.

டீ கொண்டுவந்த சுடலைராஜ் அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். லாட்ஜைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான்.

"தம்பி, கதவ மட்டும் சாத்திராதீய. சாரல்ல மரம் உப்பிக் கெடக்கு. உள்ள இருந்து இழுத்தா வராது. வெளிய இருந்து நான் தோளக் குடுத்துத்தான் தள்ளணும்."

"சரி அண்ணாச்சி."

"போன வாரம் ஒரு மெட்ராஸ் பார்ட்டி கதவச் சாத்திட்டு ரெண்டு மணி நேரம் உள்ளயே கெடந்துச்சு. நான் அருவிக்குப் போயிருந்தேன்." சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

துல்கர்னைன் மன்சூருக்குப் போன் போட்டான்.

"மாப்ள, லிஸ்ட்ல வருது. மவுண்ட் ஆக மாட்டேங்குது."

"ஏலே, அது அப்படித்தான். நடுவுல ஒரு பட்டன் இருக்குல்லா? அத அமுக்கிக்கிட்டே வயர சொருவு."

"சொருவிட்டு விட்டுரலாமா?"

"புதுசுன்னா விடலாம். இது தேஞ்ச கழுத. காப்பி முடியுத வரைக்கும் கட்டை விரல எடுக்காத. பாதில அறுந்தா மறுபடி திறக்கும்னு நான் கேரண்டி குடுக்க மாட்டேன். ஆமா, அதுல என்னத்தலே இருக்கு? நான் ஏத்திக் குடுத்த நாப்பது பாட்டு. புதுசாவே ஏத்தித் தாரேன், கடைக்கு வா."

"எனக்கு இதுதான் வேணும்."

மன்சூர் "சரி மாப்ள" என்று வைத்துவிட்டான்.

வராந்தாவில் ஈரத் துண்டோடு பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். எட்டு மாதம் கழித்து அவள் குரலைக் கேட்கப் போகிறான். அதை யாரோடும் சேர்ந்து கேட்க அவனுக்கு மனமில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்தினான்.

கதவு நன்றாக இறுகி உட்கார்ந்தது.

3.07. வலது கட்டை விரலால் பட்டனை அமுக்கிக்கொண்டு, இடது கையால் வயரைச் செருகினான். மவுண்ட் ஆனது.

நாற்பது பாட்டு. கடிகாரம் இல்லாத பிளேயர் என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே தேதி: 1980, ஜனவரி 1. கடைசியில் பெயரில்லாமல் ஒரு பைல், வெறும் எண் மட்டும். அதன் தேதி ஜூலை 17. நேரம் 3.07.

இன்றைய தேதி.

லேப்டாப்பின் குழப்பமாக இருக்கும் என்று நினைத்தான். காப்பி கொடுத்தான். இன்னும் இரண்டு நிமிஷம் என்று காட்டியது.

3.12. இன்னும் இரண்டு நிமிஷம்.

கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. மலைப் பக்கத்து ஜன்னலில் மேகம் இறங்கி, பகலிலேயே அறை இருட்டியது. குளியலறைக் குழாய் சொட்டியது. டொக்... டொக்...

3.16. இன்னும் நான்கு நிமிஷம்.

அப்போதுதான் பைலின் அளவைக் கவனித்தான். 3.12-க்குப் பதினொன்று எம்பி என்று காட்டியது இப்போது பத்தொன்பது ஆகியிருந்தது. அவன் பார்க்கப் பார்க்க இருபது ஆனது.

பைல் வளர்ந்துகொண்டிருந்தது.

விரலை எடுக்க முடியாது. எடுத்தால் அவள் போய்விடுவாள். இடது கையால் அந்தப் பைலை ஓடவிட்டான். லேப்டாப் ஸ்பீக்கரில் முதலில் இரைச்சல். பிறகு மழை. பிறகு... டொக்... டொக்...

அவன் இருமினான்.

மூன்று நொடி கழித்து ஸ்பீக்கர் இருமியது.

3.19. இடது கையால் போனை எடுத்தான். சிக்னல் இல்லை. "அண்ணாச்சி!" என்று கத்தினான். வராந்தாவில் சத்தமே இல்லை. பிள்ளைகள் எப்போது போனார்கள்?

மூன்று நொடி.

"அண்ணாச்சி!" என்றது ஸ்பீக்கர், அவன் குரலில்.

அதற்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். ஸ்பீக்கரில் மூச்சு வந்துகொண்டே இருந்தது. காய்ச்சல்காரர் மூச்சு. அனலாக... மெதுவாக...

3.24.

"துல்கர்னைன்."

பெண் குரல்.

எட்டு மாதமாக மரத்துக் கிடந்த நெஞ்சு அடித்துக்கொண்டது. "அதீபா?" என்றான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இன்னும் கொஞ்சம் பேசு என்று பட்டனை இறுக்கி அமுக்கினான்.

"துல்கர்னைன்."

இந்தத் தடவை பக்கத்தில்.

'என்ன' என்று கேட்க வாயைத் திறந்தான்.

திறந்தபடியே நின்றான்.

அதீபா அவன் பெயரைச் சொல்ல மாட்டாள்.

விரலை இழுத்தான். வரவில்லை.

மறுபடி இழுத்தான்.

விரலுக்கு மேல் எதுவும் இல்லை. ஆனால் நகம் வெளுத்திருந்தது. மேலிருந்து ஏதோ அமுக்கியது. சில்லென்று. இன்னொரு விரலின் கனம்.

3.27.

3.28.

மூச்சு இப்போது ஸ்பீக்கரில் இல்லை. கழுத்தில்.

"மச்சான்... கைய எடுங்க."

இது ஸ்பீக்கரில் வரவில்லை. முதுகுக்குப் பின்னால், கதவுப் பக்கமிருந்து வந்தது. சுடுகிற சட்டியில் கை வைக்கப் போனால் அதீபா அதட்டுவாளே, அதே குரல்.

மூன்று நொடி.

"மச்சான்... கைய எடுங்க" என்றது ஸ்பீக்கர்.

விரல் விடுபட்டது.

3.29. பிளேயர் பிடுங்கப்பட்டது என்று லேப்டாப் எழுதியிருக்கிறது.

கதவு தடாலென்று உள்ளே திறந்தது. சுடலைராஜ் அண்ணாச்சி தோளைத் தடவிக்கொண்டு நின்றார்.

"எவ்வளவு நேரமா தட்டுதேன் தம்பி! காதுல விழலையா?"

அவன் வெளுத்த நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். குளியலறையையும் எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "உள்ள பொம்பளை சத்தம் கேட்டுச்சு. அதான் தள்ளச் சங்கடப்பட்டுக்கிட்டு நின்னேன்."

"ஒரு பொம்பளையா அண்ணாச்சி?"

"ரெண்டு. சண்டை போட்ட மாதிரி இருந்துச்சு."

மறுநாள் மன்சூர் அந்தப் பிளேயரைத் திருப்புளியால் நெம்பித் திறந்தான். ரெக்கார்டிங் இருக்கிறதா பார் என்று கேட்டதற்கு அவனை ஒரு மாதிரி பார்த்தான்.

"ரெக்கார்டா? ஏலே, இதுல மைக்கே கிடையாதே. பாட்டுக் கேக்க மட்டுந்தான் ஆகும். இந்தா, நீயே பாரு."

பார்த்தான். மைக் இல்லை.

அன்று மாலை ஹஸீபாவிடம் கேட்டான். இதை வாயருகே வைத்துக்கொண்டு அக்கா என்னதான் பேசினாள்?

"பேச்சுன்னு ஒண்ணும் இல்ல மச்சான். ஒரே வார்த்தைதான். சொல்ல மாட்டேன், சொல்ல மாட்டேன்னு. இயர்போன காதுல மாட்டிக்கிட்டு, யாரோ கேக்க மாதிரியும் இவ மறுக்க மாதிரியும். காய்ச்சல் வேகம்னுதான் நெனச்சோம்."

"என்னத்த சொல்ல மாட்டேன்னா?"

ஹஸீபா தலை குனிந்துகொண்டாள்.

"நாலாம் நாள் விடியக்காலம், சுபுஹு பாங்கு சொல்லுத நேரம், ஒரே ஒரு தடவை உங்க பேரச் சொன்னா மச்சான். முழுப் பேரையும். அத்தோட மூச்சு நின்னுட்டு."

பிளேயரை அதற்குப் பிறகு யாராலும் மவுண்ட் செய்ய முடியவில்லை. அறுந்தவரை வந்த பைல் லேப்டாப்பில் இருக்கிறது. இருபத்திரண்டு நிமிஷம். அதன் கடைசியில் அதீபாவின் மூன்று வார்த்தைகள். உலகத்தில் மிஞ்சியிருக்கும் அவள் குரல் அவ்வளவுதான்.

பாதியில் அறுந்த பைல் என்பதால் நகர்த்திக் கேட்க முடியாது. வெட்டி எடுக்கவும் வரவில்லை. மன்சூரும் முயன்று பார்த்துவிட்டான். முதலிலிருந்து ஓடவிட்டால்தான் கடைசிக்குப் போகும்.

பதினேழாவது நிமிஷத்தில் அது அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும். இரண்டு தடவை. அப்புறம் பக்கத்தில் வந்து காத்திருக்கும்.

அவள் அதற்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்.